எரிபொருள் பம்பு ரிலே: வரலாறும் பழுதறியும் முறையும்

எரிபொருள் பம்பு ரிலே என்பது பெட்ரோல் ஊர்திகளில், தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலை அனுப்பும் மின்பம்புக்கு மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் மின்காந்த சுவிட்ச் ஆகும். ஏறத்தாழ ஓர் அங்குலக் கனசதுரமாக, நான்கு அல்லது ஐந்து தகட்டுக் கால்களுடன், டேஷ்போர்டுக்கு அடியிலோ எஞ்சின் அறையில் உள்ள ஃபியூஸ் பெட்டியிலோ இது செருகப்பட்டிருக்கும்.

இந்தச் சிறிய பெட்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு. சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்குவது முதல் வேலை. எஞ்சின் நின்றுவிட்டால் பம்பையும் நிறுத்தி, தீ விபத்தைத் தடுப்பது இரண்டாவது வேலை. பழைய கார்களில் ரிலே பழுதாகும்போது முதல் வேலை கெட்டதுதான் கண்ணுக்குத் தெரிகிறது: வண்டி கிளம்புவதில்லை. அவசரத்தில் ரிலேயை விலக்கிவிட்டுக் கம்பியை நேராக இணைத்தால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் இரண்டாவது வேலையைச் செய்ய அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இந்த இரண்டு வேலைகளும் ஒரே பெட்டிக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதை அறிந்தால், பழுதைக் கண்டறிவதும் சரியாக நீக்குவதும் எளிதாகும்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் வந்த வழிகள்

மோட்டார் ஊர்திகளின் தொடக்க காலத்தில் பல கார்களுக்குப் பம்பு தேவைப்படவில்லை. தொட்டியை எஞ்சினைவிட உயரத்தில் வைத்தால் பெட்ரோல் தானாகவே இறங்கி வந்தது. 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி வகையில், பெரும்பாலான கார்களுக்கு முன் இருக்கையின் அடியில் தொட்டி இருந்தது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது காரின் முன்பக்கம் உயர்ந்துவிடும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் அது எஞ்சினை எட்டாது. அதனால் ஓட்டுநர்கள் காரைத் திருப்பி, பின்னோக்கி ஓட்டியே மேடேறினார்கள்.

தொட்டியைக் காரின் பின்புறத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றால் பெட்ரோலை இழுத்து வர ஒரு கருவி வேண்டும். முதலில் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தைக் கொண்டு இழுக்கும் சிறு தொட்டிகள் வந்தன. 1920-களின் இறுதியிலிருந்து டயாஃப்ரம் எனப்படும் சவ்வைக் கொண்ட இயந்திரப் பம்புகள் பரவலாயின. எஞ்சினின் கேம் தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் சவ்வை இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். இந்தியச் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய பிரீமியர் பத்மினியில் இருந்தது இவ்வகைப் பம்பே.

இயந்திரப் பம்பில் ஒரு பெரிய நன்மை இருந்தது. எஞ்சின் சுழன்றால்தான் பம்பு இயங்கும். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஒரு குறையும் இருந்தது. எஞ்சினோடு ஒட்டியிருந்ததால் பம்பு சூடேறி, உள்ளே இருந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை இழுக்கப் பம்பினால் இயலாது. வண்டி நின்றுவிடும். மலைச் சாலைகளில் ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, சற்று நேரம் காத்திருந்து, மீண்டும் கிளம்புவது வழக்கம். ‘சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்’ என்ற இந்த அறிகுறி, பின்னால் வேறொரு காரணத்தோடு திரும்பி வந்தது.

மின்சாரத்தால் இயங்கும் பம்புகளும் அக்காலத்திலேயே இருந்தன. இலங்கைச் சாலைகளில் இன்றும் காணக்கூடிய மொரிஸ் மைனர் காரில் எஸ்.யு. நிறுவனத்தின் மின்பம்பு பொருத்தப்பட்டிருந்தது. அதனுள் ஒரு மின்காந்தம் சவ்வை இழுக்கும். இழுத்து முடிந்ததும் இரு தொடுமுனைகள் பிரிந்து மின்சாரம் நிற்கும். சுருள்வில் சவ்வைத் திரும்பத் தள்ளும். சாவியைத் திருப்பியவுடன் ‘டக், டக்’ என்ற ஓசை கேட்கும். தொடுமுனைகள் கரிந்துவிட்டால் ஓசையும் நின்றுவிடும். அப்போது பம்பை ஒரு கட்டையால் மெதுவாகத் தட்டிக் கிளப்புவதை அந்தக் கார்க்காரர்கள் அறிந்திருந்தனர். மின் தொடுமுனை தேய்ந்து வண்டி நிற்பது ரிலேக்கு முந்தைய காலத்திலேயே தொடங்கிவிட்டது.

தந்தியிலிருந்து காருக்கு

ரிலே காருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டளவில் பிரின்ஸ்டனில் இதன் அடிப்படையைச் செய்து காட்டினார். தொலைவிலிருந்து வரும் வலுவற்ற மின்னோட்டம் ஒரு சிறு மின்காந்தத்தை இயக்கும். அந்த மின்காந்தம் வேறொரு மின்கலத்தின் சுற்றைத் திறக்கும் அல்லது மூடும். நீண்ட கம்பியில் போகப் போக மின்சாரம் வலுவிழப்பதுதான் தந்தியின் பெரிய சிக்கலாக இருந்தது. ரிலே அதைத் தீர்த்தது. 1844 மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிய பின், தந்தி நெடுந்தொலைவுகளுக்குப் பரவுவதற்கு ரிலே துணைநின்றது.

களைத்த குதிரையை நிறுத்திவிட்டுப் புதிய குதிரையில் பயணத்தைத் தொடரும் பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் ‘அஞ்சல் ஓட்டம்’ என்று சொல்வதும் இதே கருத்துதான். முதல் ஓட்டக்காரர் கோலை ஒப்படைப்பதோடு அவர் வேலை முடிகிறது. மீதித் தொலைவை ஓடுபவர் அடுத்தவர்.

கார்களில் இதே முறை வேறொரு காரணத்துக்காகப் பயன்பட்டது. 12 வோல்ட் பேட்டரியில் 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டு எரிய ஏறத்தாழ 9 ஆம்பியர் வேண்டும். இவ்வளவு மின்னோட்டமும் டேஷ்போர்டில் உள்ள சுவிட்ச் வழியாகச் சென்றால் சுவிட்ச் விரைவில் கரிந்துவிடும். நீண்ட கம்பியிலும் மின்னழுத்தம் வீணாகும். சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்க, ரிலே விளக்கை இயக்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஹாரன், முகப்பு விளக்கு, மின்விசிறி என்று ஒவ்வொன்றாக ரிலேக்குப் பின்னால் சென்றன. கடைசியாக வந்த முக்கியமான ஒன்று எரிபொருள் பம்பு.

எரிபொருள் உட்செலுத்தலின் வருகை

கார்புரேட்டருக்கு மிகக் குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் வந்தால் போதும். சதுர அங்குலத்துக்கு 3 முதல் 5 பவுண்டு என்ற அளவை இயந்திரப் பம்பு எளிதாகத் தந்துவிடும். பெட்ரோலை நுண்ணிய துளை வழியே பீய்ச்சும் உட்செலுத்தல் முறைக்கு இது போதாது.

மின்னணுக் கட்டுப்பாட்டில் உட்செலுத்தும் முறையை அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950-களில் உருவாக்கியது. 1958-ஆம் ஆண்டுக்குரிய கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் அது பொருத்தப்பட்டது. அன்றைய மின்னணு உறுப்புகள் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்காததால், அந்தக் கார்களில் பெரும்பாலானவை மீண்டும் கார்புரேட்டருக்கு மாற்றப்பட்டன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அந்தக் கருத்தை மேம்படுத்தி, 1967-இல் டி-ஜெட்ரானிக் என்ற அமைப்பை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், புகை மாசு விதிகள் கடுமையானதே இதற்கு உந்துதல்.

டி-ஜெட்ரானிக் அமைப்பில் பெட்ரோல் ஏறத்தாழ 2 பார் அழுத்தத்தில் இருந்தது. 1973-இல் வந்த கே-ஜெட்ரானிக் அமைப்பில் அது 5 பார் அளவுக்கு உயர்ந்தது. இதற்குச் சக்திவாய்ந்த மின்பம்பு தேவைப்பட்டது. அதைத் தொட்டிக்கு அருகிலோ தொட்டிக்கு உள்ளேயோ வைத்தார்கள். எஞ்சின் வெப்பத்தால் பெட்ரோல் ஆவியாகும் தொல்லையும் இதனால் பெரிதும் குறைந்தது.

தீக்குக் காவல்

மின்பம்பு வந்ததும் இயந்திரப் பம்பின் பழைய நன்மை போய்விட்டது. எஞ்சின் நின்றாலும், சாவி திருப்பியபடி இருக்கும் வரை மின்பம்பு ஓடும். விபத்தில் பெட்ரோல் குழாய் அறுந்து, எஞ்சின் நின்று, ஓட்டுநர் மயங்கிக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உட்செலுத்தும் அமைப்பின் பம்பு மணிக்கு 100 லிட்டர் அளவில் பெட்ரோலை அனுப்பக்கூடியது. அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல், சூடான எஞ்சின் மீது கொட்டும்.

ஆகவே பம்பை இயக்கும் சுற்றுக்கு ஒரு கேள்வி கற்பிக்கப்பட்டது: எஞ்சின் உண்மையில் சுழல்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை காணப் பொறியாளர்கள் பல வழிகளைக் கையாண்டனர்.

எல்-ஜெட்ரானிக் அமைப்பின் தொடக்கக் காலக் கார்களில், எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு மடிப்புக் கதவைத் தள்ளித் திறக்கும். கதவு திறந்தால் ஒரு தொடுமுனை மூடிப் பம்பு ஓடும். எஞ்சின் நின்று காற்றோட்டம் நின்றால், கதவு மூடிப் பம்பும் நிற்கும்.

கே-ஜெட்ரானிக் அமைப்பின் பிற்காலக் கார்களில் ரிலேக்குள்ளேயே ஒரு சிறு மின்னணுச் சுற்று வைக்கப்பட்டது. இக்னிஷன் காயிலிலிருந்து வரும் துடிப்புகளை அது கவனிக்கும். துடிப்பு வராவிட்டால் பம்பை நிறுத்திவிடும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் எஞ்சின் ஆயில் அழுத்தத்தை அறியும் சுவிட்ச் ஒன்று ரிலேக்கு மாற்றாக அமைந்தது. ரிலே கெட்டுப்போனாலும், செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் ஆயில் அழுத்தம் ஏறி, அந்தச் சுவிட்ச் மூடி, பம்பு ஓடி, வண்டி கிளம்பிவிடும். இவ்வகைக் கார் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே கிளம்புகிறது என்றால், ரிலேயைச் சந்தேகிக்கலாம்.

ஃபோர்டு நிறுவனம் தன் கார்கள் பலவற்றில் மோதலின் அதிர்வில் விடுபடும் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்தது. சிறு இடியிலும் அது விடுபடக்கூடும். அதன் பொத்தானை அழுத்தினால் பம்பு மீண்டும் ஓடும். இதை அறியாதவர்கள் பம்பையே மாற்றிவிடுவது உண்டு.

1980-களில் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி பரவிய பின் இந்தக் காவல் அதன் பொறுப்பானது. சாவியைத் திருப்பியதும் கணினி ஏறத்தாழ 2 விநாடி மட்டும் ரிலேயை இயக்கும். குழாயில் அழுத்தம் ஏறும். பிறகு எஞ்சின் சுழலும் அறிகுறி வந்தால்தான் ரிலே மீண்டும் மூடும்.

ரிலேயின் உள்ளமைப்பு

ரிலேயின் கால்களுக்கு அருகில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மானியத் தர நிர்ணயத்திலிருந்து வந்த இந்த எண்கள் பல நாட்டுக் கார்களில் வழக்கில் உள்ளன. 85, 86 ஆகியவை கம்பிச்சுருளின் இரு முனைகள். 30 என்பது பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம். 87 என்பது பம்புக்குச் செல்லும் வழி. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் மின்காந்தம் ஒரு சிறு இரும்புத் தகட்டை இழுத்து, 30-ஐயும் 87-ஐயும் இணைக்கும். அப்போது எழுவதே ‘கிளிக்’ ஓசை. ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் எண் முறை வேறுபடும். அதற்கு அந்தந்தக் காரின் சுற்றுப்படத்தைப் பார்க்க வேண்டும்.

சுருளின் மின்தடை 80 ஓம் என்றால் 12 வோல்ட்டில் அதில் பாய்வது 0.15 ஆம்பியர் மட்டுமே. அதைக் கொண்டு பம்புக்குத் தேவையான 4 முதல் 8 ஆம்பியர் வரை இயக்கப்படுகிறது.

வெயிலில் நின்ற கார்

1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் வந்த ஹோண்டா அக்கார்டு, சிவிக் கார்களில் ‘மெயின் ரிலே’ என்ற பெட்டி இருந்தது. அதற்குள் இரண்டு ரிலேக்கள்: ஒன்று கட்டுப்பாட்டுக் கணினிக்கு மின்சாரம் தரும், மற்றது பம்பை இயக்கும். இந்தக் கார்கள் பழையனவானதும் ஒரு பழுது பரவலாக அறியப்பட்டது. காலையில் கார் உடனே கிளம்பும். நண்பகலில் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் கிளம்பாது. செல்ஃப் நன்றாக அடிக்கும், எஞ்சின் பிடிக்காது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பிவிடும். வால்வோ 240, மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வாகன் கார்களின் பழைய ரிலேக்களிலும் இதே காரணத்தால் பழுதுகள் ஏற்பட்டன.

பெட்டியைத் திறந்து உருப்பெருக்கியால் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்தது. ரிலேயின் கால்களை மின்சுற்று அட்டையோடு பிணைக்கும் ஈயப் பற்றில், காலைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட வெடிப்பு இருந்தது. உலோகக் கால், அட்டை, ஈயப் பற்று ஆகிய மூன்றும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சூடேறி, ஆறி, சாலை அதிர்வையும் தாங்கிப் பல்லாயிரம் முறை இழுபட்ட பிறகு பற்று களைத்து வெடிக்கிறது. குளிர்ந்திருக்கும்போது வெடிப்பின் இரு ஓரங்களும் தொட்டுக்கொண்டிருக்கும். சூடானால் விலகும்.

வெப்பம் இன்னொரு வழியிலும் ரிலேக்கு எதிராக வேலை செய்கிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். காருக்குள் வெப்பம் 50 பாகை கூடினால் சுருளின் தடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயரும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் மின்னழுத்தமும் 10 வோல்ட் அளவுக்கு இறங்கும். இரண்டும் சேரும்போது, 0.15 ஆம்பியர் பாய்ந்த சுருளில் 0.1 ஆம்பியரே பாயும். நல்ல ரிலே இதைத் தாங்கும்படியே செய்யப்படுகிறது. தேய்ந்த ரிலேக்கு இதுவே சோதனைக் கட்டம்.

பெட்ரோல் ஆவியாகி நிற்பதற்கும் ரிலே விலகி நிற்பதற்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான். கார் மெக்கானிக்கிடம் வந்து சேரும்போது ஆறியிருக்கும், பழுதும் மறைந்திருக்கும். இதனால்தான் நல்ல பம்புகள் கழற்றி எறியப்பட்டன; ஒன்றுக்குப் பின் ஒன்றாக உறுப்புகள் மாற்றப்பட்டன. ரிலேயின் விலையைப் போலப் பல மடங்கு பணம் இவ்வாறு செலவாகும்.

பழுதறியும் முறை

வரிசையாகச் சோதித்தால் ஊகத்துக்கு இடமில்லை. பழுது வெளிப்படும் நேரத்தில், அதாவது கார் சூடாக இருந்து கிளம்ப மறுக்கும்போதே சோதிப்பது நல்லது. பெட்ரோல் ஆவி தேங்காத திறந்த இடத்தில், அருகில் நெருப்பு இல்லாமல் இதைச் செய்ய வேண்டும்.

1. கேட்டல். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி, செல்ஃப் அடிக்காமல் காதைக் கொடுக்க வேண்டும். கணினி உள்ள கார்களில் பின்புறத்திலிருந்து ஏறத்தாழ 2 விநாடி ‘ம்ம்’ என்ற பம்பின் முனகல் கேட்கும். அது கேட்டால் பம்புக்கு மின்சாரம் செல்கிறது. தீப்பொறியைச் சோதிக்கப் போகலாம். கேட்காவிட்டால் அடுத்த படி. காற்றுக் கதவையோ இக்னிஷன் துடிப்பையோ நம்பும் பழைய அமைப்புகளில் செல்ஃப் அடிக்கும்போதே பம்பு ஓடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

2. ஃபியூஸ். பம்புக்கும் கணினிக்கும் உரிய ஃபியூஸ்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும். புதிய ஃபியூஸும் எரிந்துபோனால் கம்பியிலோ பம்பிலோ குறுக்குச்சுற்று இருக்கிறது. அதற்குப் பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வன்று.

3. தொட்டுப் பார்த்தல். ரிலேயின் மேல் விரலை வைத்துச் சாவியைத் திருப்பினால் கிளிக் விரலில் உணரப்படும். கிளிக் இல்லை என்றால் சுருளுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது சுருள் அறுந்திருக்கிறது, அல்லது ஈயப் பற்று வெடித்திருக்கிறது. ரிலேயை மெதுவாகத் தட்டியதும் பம்பு ஓடினால் வெடிப்பு ஏறத்தாழ உறுதி. ஆனால் கிளிக் கேட்பதால் மட்டும் ரிலே நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. தகடு நகர்வதைத்தான் அந்த ஓசை சொல்கிறது. தொடுமுனை கரிந்திருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை.

4. மாற்றிப் பார்த்தல். ஹாரன் ரிலே முதலியவற்றில் அதே எண்ணும் அதே கால் அமைப்பும் கொண்டது இருந்தால், அதைப் பம்பு ரிலேயின் இடத்தில் செருகிப் பார்க்கலாம். உருவம் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. ஃபோக்ஸ்வாகன் கார்களின் பம்பு ரிலேக்களில் மேலே 67, 167 போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே மின்னணுச் சுற்று உள்ள இவ்வகை ரிலேக்குச் சாதாரண ரிலே ஈடாகாது.

5. நான்கு கால்களையும் அளத்தல். ரிலேயைக் கழற்றி, செருகுமிடத்தில் டெஸ்ட் லாம்ப் கொண்டு பார்க்க வேண்டும். 30-இல் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும். சில கார்களில் சாவி திருப்பிய பின் வரும். பெரும்பாலும் 86-இல் சாவி திருப்பியதும் மின்சாரம் வரும். 85-க்குக் கணினி எர்த் தரும். சில கார்களில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும். கணினியின் மெல்லிய சுற்றுகளுக்கு டெஸ்ட் லாம்ப் ஏற்றதன்று. சுருளுக்குச் செல்லும் இவ்விரு முனைகளையும் மல்டிமீட்டரால் பார்ப்பதே பாதுகாப்பு. 85-உம் 86-உம் சரியாக இருந்தால் கணினி தன் கட்டளையைக் கொடுத்துவிட்டது என்று பொருள். அதன் பிறகும் ரிலே மூடாவிட்டால் குற்றம் ரிலேயுடையது.

6. இணைத்துப் பார்த்தல். ஃபியூஸ் கோத்த ஒரு கம்பியால் 30-ஐயும் 87-ஐயும் சில விநாடிகள் இணைக்கலாம். பம்பு ஓடினால் பம்பும் அதன் கம்பிகளும் நல்லவை. பழுது ரிலேயிலோ அதை இயக்கும் பக்கத்திலோ உள்ளது. பம்பு ஓடாவிட்டால் பம்பு, அதன் எர்த், இடையில் உள்ள கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

7. சுமையோடு அளத்தல். பம்பைக் கழற்றிவிட்டு அதன் கம்பியில் அளந்தால் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். கரிந்த தொடுமுனை வழியாகவும் காட்டும். அடைபட்ட தண்ணீர்க் குழாயை மூடி வைத்திருக்கும்போது அழுத்தம் முழுதாகத் தெரிவது போன்றது இது. திறந்தால்தான் தண்ணீர் வராதது தெரியும். ஆகவே பம்பு ஓடும்போதே ரிலேயின் 30-க்கும் 87-க்கும் இடையில் அளக்க வேண்டும். நல்ல தொடுமுனையில் ஒரு வோல்ட்டின் சிறு பங்கே இழப்பாகும். தொடுமுனையில் அரை ஓம் தடை ஏற்பட்டால் 5 ஆம்பியரில் 2.5 வோல்ட் இழப்பாகும். பம்பு சோர்ந்து ஓடும். ஏற்றத்தில் வண்டி இழுக்காது. மேலும் அந்தச் சிறு இடத்தில் 12.5 வாட் வெப்பம் எழும். இது 25 வாட் பற்றவைப்பு இரும்பின் பாதி வெப்பம். ரிலேயின் கால் செருகும் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறி இருப்பதற்கு இதுவே காரணம்.

பழுது உறுதியானதும், ஈயப் பற்று வெடித்த ரிலேயைத் திறந்து பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்கலாம். கவனமாகச் செய்தால் இது பல ஆண்டுகள் உழைக்கும். கரிந்த தொடுமுனையை அரம் கொண்டு தேய்ப்பது தற்காலிக ஏற்பாடே. அதன் மேற்பூச்சு போய்விடுவதால் மீண்டும் விரைவில் கரியும். புதிய ரிலேதான் வழி. தொடுமுனை ஏன் கரிந்தது என்றும் பார்க்க வேண்டும். வயதான பம்போ அடைபட்ட எரிபொருள் வடிகட்டியோ கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அதைச் சரிசெய்யாமல் ரிலேயை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

‘டைரக்ட்’ கொடுப்பதன் ஆபத்து

ஆறாவது படியில் வண்டி கிளம்பிவிடுவதால், அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிடும் வழக்கம் உண்டு. பட்டறை மொழியில் இதை ‘டைரக்ட் கொடுப்பது’ என்பார்கள். பம்பைச் சாவியோடு நேராக இணைத்து, ரிலேயைத் தூக்கி எறிந்துவிடுவது இதன் பொருள். வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஓட்டுபவருக்கு வேறுபாடே தெரியாது.

எஞ்சின் சுழல்கிறதா என்று கேட்பதற்கு இப்போது யாரும் இல்லை. மோதலில் குழாய் அறுந்தால் பம்பு நிற்காது. இரண்டாவது கையாக வண்டியை வாங்குபவருக்கு இந்த மாற்றம் இருப்பதே தெரியாமல் போகலாம். பழைய கார் வாங்குபவர்கள் ஒரு எளிய சோதனை செய்யலாம். சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் இருந்தால், கணினி உள்ள காரில் பம்பின் ஓசை சில விநாடிகளில் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலேயின் சுற்றில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எதுவாயினும் உடனே சரிசெய்ய வேண்டும்.

இந்தியாவில்

இந்தியப் பெட்ரோல் கார்கள் கார்புரேட்டரிலிருந்து உட்செலுத்தலுக்கு மாறியதில் மாசு விதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தில்லி தலைநகர்ப் பகுதியில் புதிய கார்களுக்கு யூரோ 1 தரத்தை அதே ஆண்டு ஜூன் முதலும், யூரோ 2 தரத்தை 2000 ஏப்ரல் முதலும் கட்டாயமாக்கியது. கார்களின் பின்புறத்தில் ‘எம்.பி.எஃப்.ஐ.’ என்ற எழுத்துகள் பெருமையோடு ஒட்டப்பட்ட காலம் அது. ஈரத்துணியும் கார்புரேட்டர் ஸ்க்ரூவும் கற்றுத் தந்த பட்டறை அனுபவத்தோடு, சுற்றுப்படம் படிப்பதும் மல்டிமீட்டர் பிடிப்பதும் சேர வேண்டியதாயிற்று. அக்காலத்துக் கார்கள் இன்று கால் நூற்றாண்டைக் கடந்தவை. ஈயப் பற்று களைக்கும் வயது அவற்றுக்கும் வந்துவிட்டது.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளும் உட்செலுத்தலுக்கு மாறின. சாவியைத் திருப்பியதும் பைக்கின் தொட்டிக்குள்ளிருந்து கேட்கும் சிறு முனகல் மின்பம்பினுடையது. இவற்றில் பல வண்டிகளில், வண்டி சாய்ந்து விழுந்தால் எஞ்சினையும் பம்பையும் நிறுத்தும் உணரியும் இருக்கிறது.

இன்றைய நிலை

புதிய கார்கள் பலவற்றில் கிளிக் ஒலிக்கும் ரிலேயின் இடத்தை, நகரும் உறுப்பு இல்லாத மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பிடித்துள்ளது. அது பம்பை இயக்குவதோடு, எஞ்சினின் தேவைக்கு ஏற்ப அதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. மோதல் உணரப்பட்டுக் காற்றுப்பை விரியும்போது பம்பை நிறுத்துமாறும் பல கார்களில் அமைக்கப்பட்டுள்ளது. தேயும் தொடுமுனை இல்லாவிட்டாலும், பம்பை ஓடவிடும் முன் எஞ்சின் சுழல்கிறதா என்று கேட்கும் வேலை இந்தப் பெட்டியிலும் தொடர்கிறது.